தேயிலையில் பூண்டு வாசம்

அக்கா,

இன்று காலை மருமகள் புதுப் பூண்டு வாங்கி வந்து, சமையலறை அலமாரியில் தேயிலை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். குந்தா பக்கத்துப் பூண்டு, வேரில் ஒட்டிய மண் கூட இன்னும் காயவில்லை. உள்ளே நுழைந்ததுமே வாசம் மூக்கில் ஏறியது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் கூடத்துக்கு ஓடினேன். "என்னங்கத்தை, பாம்பைக் கண்ட மாதிரி ஓடறீங்க?" என்று கேட்டாள். அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது நீங்கள் இல்லை. உங்கள் கதையை நின்றவாக்கில் சொல்லவும் முடியாது, அடுப்பில் வைத்தது தீய்ந்துவிடும். அதனால் அவளிடம் ஒன்றும் சொல்லாமல், உங்களிடமே பேசிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணனை நீங்களும் தம்பியை நானும் கட்டிக்கொண்டோம். ஓரகத்திகள் எலியும் பூனையுமாக இருப்பதுதான் ஊர் வழக்கம். நமக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. நீங்கள் பிக்கட்டியில் தோட்டத்தோடு இருந்தீர்கள், நான் குன்னூரில் கிளார்க் சம்பளத்தோடு இருந்தேன். சண்டை போடவேண்டுமென்றாலும் இரண்டு பஸ் மாறி வரவேண்டும். என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். எந்த வேலையையும் ஆர்ப்பாட்டமாகத் தொடங்குவேன், பாதியில் விடுவேன், விட்டதற்கு ஒரு காரணமும் கையோடு வைத்திருப்பேன். குளிர், குழந்தைகள், வீட்டுக்காரர், கரண்ட் போனது. காரணத்துக்கு எனக்குப் பஞ்சமே வந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, உங்களை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் வாயடைத்துப் போகிறேன்.

அது தேயிலை விழுந்த காலம். பச்சை இலைக்குக் கிடைத்த விலை பறிகூலிக்குக் கூடக் கட்டவில்லை. தினமும் வந்த லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது, பிறகு தோன்றியபோது வந்தது. ரோட்டோரத்து இலை ஷெட்டில் மூட்டைகள் கட்டியபடியே சூடேறிச் சிவந்து போயின. அதைச் சரிவில் கொட்டிவிட்டு வெறும் சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். பலர் செடியைப் பிடுங்கிவிட்டுப் பூண்டும் காரட்டும் போட்டார்கள். பிடுங்கவும் முடியாதவர்கள் அப்படியே விட்டார்கள். கவாத்து செய்து வெட்டிவிடாத செடி மரமாக வளர்ந்துவிடும் என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்குள் காட்டெருமை நின்றால் வெளியே தெரியாது. குன்னூரிலும் அதே கதைதான். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த தேயிலை ஏல ஆபீஸில், விலைபோகாத சரக்கைப் பற்றித்தான் நாள் முழுதும் பேச்சு.

அந்தப் பொங்கலுக்கு நாங்கள் பிக்கட்டிக்கு வந்திருந்தோம். சாப்பாடு முடிந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டிருந்தார்கள். கீழே சமவெளியிலிருந்து ஒருவர் லாட்ஜ் கட்ட இடம் பார்க்கிறார், நம் தோட்டத்திலிருந்து பள்ளத்தாக்கு முழுதும் தெரிவது அவருக்குப் பிடித்துவிட்டது. "வித்துப்போட்டுக் கீழ போயிரலாம்டா. இங்க என்ன இருக்குது இனி?" என்றார் பெரிய மாமா. உங்கள் கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். என் வீட்டுக்காரரும் தலையை ஆட்டினார். நீங்கள் மோர் ஊற்றிக்கொண்டே சொன்னீர்கள்.

"ஏனுங்க, ஒரு வருசத்துக்குத் தோட்டத்த என்ற கையில குடுங்க. விக்கறதுன்னா அடுத்த பொங்கலுக்கு வித்துக்கலாம்."

"குடுத்தா நீ என்ன பண்ணுவ?"

"தேத்தூள் பண்ணுவனுங்க. நானே."

என் வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது. "அண்ணி, அதுக்கு மிசினு, பேக்டரி எல்லா வேணுமுங்க."

"மிசினு வரதுக்கு மிந்தி சனங்க தேயிலை குடிக்கலீங்களா?" என்றீர்கள். பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் பேசினீர்கள். "கல்யாணமாயி வந்த நாள்ல இருந்து பறிக்கறன். பறிச்சுப் பறிச்சு லாரில ஏத்தி உட்டதுதான். அது போயி என்னாச்சு, என்ன ருசின்னு ஒரு நாளாச்சும் குடிச்சுப் பாத்தனா? நாம குடிக்கறது கடைப் பாக்கெட்டு. என்ற செடி தேயிலைய ஒரு டம்ளர் குடிக்காம அதைய விக்கறதுக்கு எனக்கு மனசு வர்லீங்க."

அத்தனை வருடமும் தேயிலை நடுவிலேயே குடியிருந்தும் அந்த விஷயம் நம் யாருக்கும் உறைத்ததே இல்லை. நிபந்தனையையும் நீங்களே போட்டீர்கள். குன்னூர் ஆபீஸில் தேயிலை ருசி பார்க்கிறவர் குடித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றால் தோட்டம் இருக்கட்டும். இல்லையென்றால் விற்கலாம். தோட்டத்துப் பத்திரத்தில் உங்கள் பேரையும் சேர்த்துவிட்டுத்தான் மாமியார் போயிருந்தார். "விக்கறதுன்னா மொதக் கையெழுத்து என்றதா இருக்கும்," என்றீர்கள்.

ஊர் சிரித்தது. நானும்தான் சிரித்தேன், அக்கா. ஆனால் லீவு நாட்களில் வேடிக்கை பார்க்க வந்துவிடுவேன். பறித்த கொழுந்தைப் பழைய கொசுவலையில் பரப்பி அட்டத்தில், அந்தக் கூரைப் பரணில், வாட விடுவீர்கள். மறுநாள் காலை அது துவண்டு, கையில் எடுத்தால் துணி மாதிரி மடங்கும். அதை முறத்தில் போட்டு உள்ளங்கையால் உருட்ட வேண்டும். சாறு கசிந்து இலை திரியாகச் சுருளும் வரை உருட்ட வேண்டும். பிறகு ஈரத்துணி மூடி, செம்பு நிறம் வரும்வரை காத்திருந்து, இரும்புச் சட்டியில் வறட்ட வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். நான் உருட்டிப் பார்த்தேன். சிறிது நேரத்திலேயே தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. "வளையல் இடிக்குதுங்க்கா," என்று எழுந்துவிட்டேன். நீங்கள் கண்ணாடி வளையலை என்றைக்கோ கழற்றி வைத்துவிட்டதை அப்போதுதான் கவனித்தேன்.

முதலில் செய்தது கருகியது. அடுத்தது புளித்தது. அதற்கடுத்தது விறகுப் புகை வாசம். ஒவ்வொன்றையும் ஒரு டம்ளர் போட்டு, முகம் சுளிக்காமல் முழுதும் குடித்துவிட்டு, "அடுப்பு சாஸ்தி" என்றோ "மூடி வெச்சது சாஸ்தி" என்றோ சொல்லிவிட்டு மறுபடி கூடையை எடுத்துக்கொண்டு போவீர்கள். மழை பெய்தது, ஆள் கிடைக்கவில்லை, விறகு ஈரம். எல்லாம் உண்மை. எதையும் நீங்கள் காரணமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. நானாக இருந்தால் அந்த மழையை வைத்தே ஒரு வருடம் ஓட்டியிருப்பேன்.

உங்கள் உள்ளங்கை இரண்டும் கறுத்துப் போயின. மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஒறம்பரையாக வந்த சொந்தக்காரி ஒருத்தி உங்கள் கையைப் பிடித்து, "மருதாணி நல்லா செவக்காம கறுத்துப்போச்சுங்களே," என்று வருத்தப்பட்டாள். "மருதாணி இல்லீங்க, தேயிலைக் கறை," என்று கையை விரித்தே காட்டினீர்கள். நான் என் முந்தானையை இழுத்து உங்கள் கைமேல் போடப் பார்த்தேன். நீங்கள் தள்ளிவிட்டீர்கள்.

தென்மேற்கு மழை முடிகிற சமயம் ஒரு தூள் நன்றாக வந்தது. எனக்கே தெரிந்தது. கறுகறுவென்று திரிதிரியாக இருந்தது. போட்டுக் கொடுத்தபோது டம்ளரில் அப்படி ஒரு நிறம். துணிப்பையில் கட்டி அட்டத்தில் வைத்தீர்கள். ஆயுத பூஜை கழித்து, என் வீட்டுக்காரர் ஆபீஸில் கேட்டுப் பேசி நேரம் வாங்கித் தர, நீங்களே குன்னூருக்கு எடுத்து வந்தீர்கள். "என்ற தேயிலைய நான்தான் கொண்டுபோவோணும்," என்று பட்டுப்புடவை வேறு.

அந்த அறை இன்றும் என் கண்ணில் இருக்கிறது. நீளமான மேடை, வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். ருசி பார்க்கிறவர் ஒவ்வொன்றிலும் கரண்டியை விட்டு, ஊரே கேட்கும்படி ஒரு உறிஞ்சு உறிஞ்சுவார். வாயில் சுழற்றுவார். பக்கத்திலிருக்கும் பாத்திரத்தில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்வார். விழுங்கவே மாட்டார். நாள் முழுதும் அத்தனை கோப்பையை விழுங்கினால் மனிதர் என்ன ஆவது? எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உங்கள் கோப்பை வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. உறிஞ்சினார். துப்பினார். மறுபடி ஒரு கரண்டி உறிஞ்சித் துப்பினார்.

"கை வேலை நல்லா இருக்குதுங்கம்மா," என்றார், மரியாதையாக. "ஆனா பூண்டு வாசம் அடிக்குதுங்களே."

பூண்டு! பெரிய மாமா அறுவடை செய்த பூண்டு முழுதும் அந்த அட்டத்தில்தான் காய்ந்தது. தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். கூடவே இருந்த நமக்கு அது தெரியவில்லை. உங்கள் வீட்டில் சுவரும் பூண்டு, போர்வையும் பூண்டு. விருந்தாளியாக வந்த என் மூக்குக்கும் அந்த வீட்டுக்குள் அது பழகிவிட்டது. பூண்டு காயும் வீட்டில் தேயிலை செய்கிறவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் தப்பு அது.

பஸ்ஸில் வரும்போது நான் கொதித்தேன். பெரிய மாமாவை வாய்க்கு வந்தபடி பேசினேன். வேண்டுமென்றே வைத்தாரோ என்று கூடச் சொன்னேன். நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். ஊர் நெருங்கி, கெத்தை மலை கண்ணில் படத் தொடங்கிய பிறகு திரும்பினீர்கள்.

"அம்மிணி, பூண்டு அங்க காயுதுன்னு எனக்குத் தெரியாதா? நெதமும் ஏறி எறங்கறவ நான்தான. அவரு பூண்ட அவரு பாத்தாரு. என்ற தேயிலைய நான் பாக்கல. அவ்வளவுதான்."

அப்படிச் சொல்லும்போது உங்கள் குரலில் வருத்தம் இருந்தது, அக்கா. பெரிய மனசு பண்ணி யாரையோ மன்னிக்கிற குரல் அது இல்லை. கணக்கில் கூட்டல் தப்பிவிட்டது, மறுபடி போடவேண்டும் என்கிற குரல். என்னால் ஒருநாளும் அப்படி ஒரு குரலில் பேச முடிந்ததில்லை. பஸ் முழுக்க ஆட்கள் இருந்தும், உங்களோடு தனியாக எங்கோ உயரத்தில் உட்கார்ந்திருப்பது போல் எனக்கு இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததைச் சொன்னீர்கள். பெரிய மாமா அண்ணாந்து அட்டத்தைப் பார்த்தார். அவர் முகம் செத்துவிட்டது. "நான் வேணா மூட்டைய எறக்கிப் போடறன்," என்றார். "வேண்டாமுங்க. இப்பச் சோறு போடறது பூண்டுதான். அது இருக்கற எடத்துல இருக்கட்டும்," என்றீர்கள்.

அப்புறம் தேயிலைக்கு இடம் தேடினோம். அதைப் போல வேடிக்கை வேறில்லை. சமையலறையில் மண்ணெண்ணெய். சாமி அறையில் கற்பூரம். பீரோவில் அந்துருண்டை. பின்கட்டில் மாட்டுச் சாணம். வாழ்கிற வீட்டில் வாசம் இல்லாத மூலையே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. கடைசியில் லாரி வராமல் அனாதையாகக் கிடந்த இலை ஷெட்டுக்குப் போனீர்கள். ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, கூட்டி, கழுவி, சுண்ணாம்பு அடித்து, சுண்ணாம்பு வாசம் போகும் வரை கதவைத் திறந்து போட்டுக் காத்திருந்தீர்கள். மழைக்கு ஒதுங்கி அங்கே பீடி குடிக்கிறவர்கள், நீங்கள் உள்ளே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த வளைவுக்குப் போய்ப் பற்றவைத்தார்கள். கரியை வெளியே மூட்டி, புகை அடங்கிய பிறகே அடுப்பை உள்ளே தூக்கி வருவீர்கள்.

இதெல்லாம் கூடப் பெரிதில்லை. மார்கழியில் ஒருநாள் உங்களைப் பார்க்க வந்தேன். ஷெட்டில் உருட்டிக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. உங்கள் மேல் வாசமே இல்லை. உங்களுக்கு ஒற்றைத் தலைவலி. கல்யாணமான நாளிலிருந்து நீலகிரித் தைலம் இல்லாமல் உங்களை நான் பார்த்ததில்லை. இருட்டில் கூட நீங்கள் வருவது தைல வாசத்திலேயே தெரிந்துவிடும். அந்தத் தைலத்தை நிறுத்திவிட்டீர்கள். தலைக்கு எண்ணெய் இல்லை, பூ இல்லை, சோப்பு இல்லை. சாப்பாட்டில் வெங்காயமும் பூண்டும் இல்லை. எதிர்வீட்டு அம்மாள், "எந்தச் சாமிக்குங்க வெரதம்?" என்று கேட்டதாகச் சொல்லிச் சிரித்தீர்கள்.

"தலைவலி வர்லீங்களாக்கா?" என்றேன்.

"வருது. வந்துட்டுப் போவுது," என்றீர்கள், உருட்டுவதை நிறுத்தாமல். வெளியே பனி கொட்டி, புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. உங்கள் நெற்றி நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. கூடவே பயம் மாதிரி ஒன்றும் வந்தது. கோயிலில் திரை விலகும்போது வருமே, அது. எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. விட்டுவிட்டால் ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தப் பனிக்காலத்து இலையில் செய்த தூளை, பொங்கலுக்கு முந்தைய வாரம் குன்னூருக்குக் கொண்டுவந்தீர்கள். லாட்ஜ்காரர் பொங்கல் முடிந்ததும் அளக்க ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். இந்தத் தடவை பெரிய மாமாவும் வந்தார். அதே அறை, அதே கோப்பைகள். ருசி பார்க்கிறவர் வரிசையாக உறிஞ்சித் துப்பிக்கொண்டே வந்தார். உங்கள் கோப்பையில் கரண்டியை விட்டார். உறிஞ்சினார். வாயில் சுழற்றினார். துப்புவதற்காக அந்தப் பாத்திரத்தின் பக்கம் குனிந்தவர், குனிந்தபடியே நின்றார்.

பிறகு விழுங்கிவிட்டார்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கோப்பையையே எடுத்து, மிச்சத்தையும் மெதுவாகக் குடித்தார். என் வீட்டுக்காரர் அந்த ஆபீஸில் அத்தனை வருடம் இருந்தும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார். "எந்த எஸ்டேட்டுங்க?" என்று கேட்டார் அவர். நீங்கள் வாயெடுப்பதற்கு முன்பே பெரிய மாமாதான், "எங்க ஊட்டுலீங்க. இவ பண்ணினதுங்க," என்றார். அவர் அத்தனை பெருமையாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். வெளியே வந்ததும் நீங்கள் செய்த முதல் காரியம், எதிர்க்கடையில் ஒரு தைலப் புட்டி வாங்கி, ரோட்டிலேயே நின்று நெற்றியில் தேய்த்துக்கொண்டதுதான்.

அண்ணனும் தம்பியும் லாட்ஜ்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காக நாம் பெரிய ஆளாகிவிடவில்லை. விலை அதற்குப் பிறகும் கிடந்தபடிதான் கிடந்தது. பூண்டுதான் சோறு போட்டது. நீங்கள் பனிக்காலத்தில் மட்டும் கொஞ்சம் தூள் செய்து, குன்னூரில் ஒரு கடைக்குக் கொடுத்தீர்கள். வீட்டில் கடைப் பாக்கெட் வாங்குவது நின்றது. நீங்கள் கேட்டது அவ்வளவுதான், அது கிடைத்தது. கை ஓயும் வரை செய்தீர்கள்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் உங்களைக் கடைசியாகப் பார்த்தது ஒரு மத்தியானம். கை மெலிந்து போயிருந்தது. உள்ளங்கை வெளுத்து, கறையெல்லாம் போய், யாரோ வேறொருவர் கை மாதிரி இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, நீங்க கவலப்படாதீங்க. தேயிலைய நான் பாத்துக்கறனுங்க," என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் சிரித்தீர்கள். அந்த நிலைமையிலும் சிரிப்பு.

"உனக்கெதுக்கு அம்மிணி அது? அது என்ற ஆசை. நான் பண்ணி முடிச்சுட்டன். பையங்கிட்டயும் பண்ணுன்னு சொல்லல." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு என் கையைத் தட்டினீர்கள். "உன்ற ஆசை எதுன்னு நீ பாரு. எதாச்சும் ஒண்ணு இருக்கும். அதைய ஆரு மேலயும் போட்டறாத."

தோட்டம் இப்போது உங்கள் பையன் கையில். இலை மறுபடி லாரியில் போகிறது, விலையும் பரவாயில்லை. ஷெட்டில் யாரும் உருட்டுவதில்லை. அதில் எனக்கு வருத்தம் இருந்தது. இப்போது இல்லை, அது உங்களோடு முடிந்த காரியம். எனக்கு மட்டும்தான் நீங்கள் சொன்னதற்குப் பதில் கிடைக்காமல் வருடக்கணக்காய் உறுத்திக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் மழையில் நிற்கும்போது கிடைத்தது. வாழ்நாள் முழுக்க யாராவது ஓட்டிக்கொண்டு போகும் வண்டிக்காகத்தான் நான் காத்திருந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், அக்கா. இந்த வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன்.

போன வாரம் லைசென்ஸுக்கான சோதனை. ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி மறுபடி எடுக்கச் சொன்னார்கள். வண்டி பின்னால் உருண்டது, நின்றுபோனது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் குனிந்தார். வாய்க்குள் காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. ரோடு ஈரம், வண்டி பழசு, ஹாரன் சத்தம், வயசு. எல்லாமே உண்மைதான்.

"நான் கிளட்ச்சைச் சீக்கிரம் விட்டுட்டனுங்க," என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்படி யாரும் சொல்வதில்லை போலிருக்கிறது. "அடுத்த தடவ வாங்கம்மா," என்றார். இறங்கி ஏற்றத்தில் நடந்து வீட்டுக்கு வந்தேன். தோற்றுவிட்டு வந்தேன் என்று மருமகளிடம் நானே சொன்னேன். எனக்கு வெட்கமாகவே இல்லை, அக்கா.